பிறந்த குழந்தையின் வலது கை அசையவில்லை: பிரசவத்தில் நேர்ந்த நரம்புக் காயமா, மருத்துவக் கவனக்குறைவா?

இளங்கோ, தண்டையார்பேட்டை – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு இரண்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தைக்கு இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. பிறந்ததிலிருந்தே அவன் வலது கையைத் தூக்கவில்லை. தோளிலிருந்து துவண்டு, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியபடி அந்தக் கை உடம்பை ஒட்டியே கிடக்கிறது. விரல்களை மட்டும் மடக்குகிறான். என் சுண்டுவிரலை வைத்தால் பிடித்துக்கொள்கிறான். இடது கையையும் கால்களையும் நன்றாக ஆட்டுகிறான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏழாம் மாதம் எங்கள் பகுதி மாநகராட்சி சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் மனைவிக்குச் சர்க்கரை 158 என்று வந்தது. பிரசவத்தை அருகிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் வைத்துக்கொள்ள முடிவு செய்திருந்ததால் அந்தச் சீட்டை அங்கே காட்டினோம். இனிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு முறைகூடச் சர்க்கரை பார்க்கவில்லை. கடைசி ஸ்கேனில் குழந்தையின் எடை 3.9 கிலோ என்று இருந்தது. வலி வந்து சேர்த்த அன்று, நெடுநேரம் முக்கியும் தலை இறங்கவில்லை என்று நள்ளிரவுக்குப் பிறகு வாக்யூம் (குழந்தையின் தலையில் உறிஞ்சுகிண்ணம் பொருத்தி இழுக்கும் கருவி) வைத்தார்கள். தலை வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது என்றும், ஒரு செவிலியர் முக்காலியின்மேல் ஏறி நின்று இரண்டு கைகளாலும் வயிற்றை அமுக்கினார் என்றும், மருத்துவர் தலையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தார் என்றும், உடனிருந்த என் மாமியார் சொல்கிறார். பிறந்தபோது எடை 4.2 கிலோ. அழுவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

மூன்றாம் நாள் கையைக் காட்டியபோது, சிறிய சுளுக்குத்தான், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஒரு மாதம் கழித்துப் போனபோது, வீட்டில் யாரோ கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறீர்கள் என்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வாக்யூம் பற்றியும் கையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. 'சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்' என்று மட்டும் இருக்கிறது. அன்றிரவு முதல் என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. தான் சரியாக முக்காததால்தான் இப்படி ஆனதோ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் தாயார், குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது, வியாசர்பாடியில் உரம் எடுக்கும் ஒரு பாட்டியிடம் கொண்டுபோக வேண்டும் என்கிறார்.

இது தானாகச் சரியாகுமா, இதில் மருத்துவமனையின் தவறு உண்டா, உண்டென்றால் எங்கே போய்க் கேட்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பிரசவ வார்டுகளில் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் உங்கள் மனைவியிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: தாய் முக்கியதில் குறை இருந்ததால் இப்படி ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. தலை வெளியே வந்த பிறகு குழந்தையின் முன்தோள் தாயின் அடிவயிற்று எலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதைத் தோள் சிக்கல் என்போம். அதை விடுவிப்பது பிரசவம் பார்ப்பவர்களின் வேலை, வலியில் படுத்திருப்பவரின் வேலை அன்று.

உங்கள் மாமியார் சொன்ன 'வயிற்றை அமுக்கினார்கள்' என்ற ஒரு வரியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எங்கே அமுக்கினார்கள் என்று கேளுங்கள். தோள் மாட்டியிருக்கும்போது அடிவயிற்றில், முன் எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையால் பக்கவாட்டில் அழுத்துவது சரியான முறை. அதற்குப் பலம் வேண்டும் என்பதால் செவிலியர் முக்காலியில் ஏறி நிற்பதும் வழக்கம்தான். அதற்கு மாறாக மார்புக்குக் கீழே, கருப்பையின் உச்சியில் கைவைத்து அமுக்கினால், மாட்டிய தோள் எலும்பில் இன்னும் இறுகும். நரம்புக்கும் கருப்பைக்கும் சேதம் வரும். தோள் மாட்டிய நிலையில் அதைச் செய்யக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். பார்த்துக்கொண்டு நிற்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்து, இரண்டு பேர் உங்கள் மனைவியின் இரு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து நன்றாக மடக்கிப் பிடித்தார்களா என்று கேளுங்கள். மெக்ராபர்ட்ஸ் முறை என்று இதற்குப் பெயர். இதற்குக் கருவி ஏதும் வேண்டாம், முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். பாதிப் பேருக்கு இதிலேயும் அடிவயிற்று அழுத்தத்திலுமே தோள் விடுபட்டுவிடும். விடுபடவில்லையென்றால் உள்ளே கைவிட்டுக் குழந்தையின் பின்கையை முதலில் எடுப்பார்கள், அல்லது தோளைச் சுழற்றுவார்கள். தலையைப் பிடித்துக் கழுத்து ஒரு பக்கம் வளையும்படி பலமாக இழுப்பது இந்த வரிசையில் எங்குமே கிடையாது.

இன்னொன்றையும் மாமியார் நினைவுபடுத்திப் பார்க்கட்டும். தலை வெளியே வந்தபோது குழந்தையின் முகம் தாயின் எந்தத் தொடைப் பக்கம் திரும்பியிருந்தது? வலது தொடைப் பக்கம் என்றால் குழந்தையின் வலது தோள்தான் மேலே, எலும்புக்கடியில் மாட்டியிருக்கிறது. இடது தொடைப் பக்கம் என்றால் வலது தோள் கீழே, பின்பக்கம் இருந்திருக்கும். அந்தத் தோளின் நரம்பு கெட்டதற்கு மருத்துவர் இழுத்ததுதான் காரணம் என்று சொல்வது கடினமாகிவிடும். இதையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும்: தலை வந்த நேரம், உடல் வந்த நேரம், எந்தத் தோள் முன்பக்கம், எந்த முறைகளை எந்த வரிசையில் செய்தார்கள், அறையில் யார் யார் இருந்தார்கள். நாள் செல்லச் செல்ல நினைவு மங்கும் என்பதால், மாமியாரை இன்றே உட்காரவைத்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

காயம் ஏற்பட்டாலே தவறு என்று ஆகிவிடாது. தோள் சிக்கல் முன்கூட்டிச் சொல்ல முடியாமல், சாதாரண எடையுள்ள குழந்தைகளுக்கும் வருவதுண்டு; எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கை துவண்டு பிறந்த குழந்தைகளை நானே ஏந்தியிருக்கிறேன். சிசேரியனில் எடுத்த குழந்தைக்கும் இது வந்திருக்கிறது. ஆனால் உங்கள் மனைவிக்கு 158 வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் பரிசோதனையில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் வந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்னெடுத்து, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஏழைத் தாய்க்கும் செய்யக்கூடியதாகக் கொண்டுவந்த எளிய பரிசோதனை அது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு உணவுமுறை சொல்லி, மறுபடி சர்க்கரை பார்த்து, தேவைப்பட்டால் மருந்தோ இன்சுலினோ கொடுத்திருக்க வேண்டும். சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குத் தோளும் மார்பும் தலையைவிடப் பருத்துவிடும். 4.2 கிலோ என்ற எடைக்காக மட்டும் சிசேரியன் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் சர்க்கரை, 3.9 கிலோ ஸ்கேன், இறங்காத தலை, வாக்யூம் என்று நான்கும் ஒரே இரவில் சேர்ந்து வரும்போது, தோள் மாட்டக்கூடும் என்று எதிர்பார்த்து ஆட்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நான் கேட்பதாக இருந்தால் பிரசவ அறைக் கேள்விக்கு முன்பே இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்.


கை பிஸியோதெரபிஸ்ட், பெரம்பூர்

ஐயா, உங்கள் மூன்று கேள்விகளில் முதல் கேள்விக்குத்தான் அவசரம் அதிகம் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் விவரிக்கும் நிலை, அதாவது தோளும் முழங்கையும் வேலை செய்யாமல் விரல்கள் மட்டும் வேலை செய்வது, எர்ப்ஸ் பால்சி என்று அழைக்கப்படும் வகையை ஒத்திருக்கிறது; குழந்தையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் ஐந்து நரம்பு வேர்கள் பின்னிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பிரேக்கியல் பிளெக்சஸ் என்று பெயர். அதில் மேலே உள்ள வேர்கள் காயப்பட்டால் தோளையும் முழங்கை மடக்கும் தசையையும் பாதிக்கும். பிரான்சில் துஷேனும் ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்பும் 1870களிலேயே இதை விவரித்துவிட்டார்கள். கீழே உள்ள வேர்களும் காயப்பட்டிருந்தால் விரல்களும் துவண்டிருக்கும். அதே பக்கத்துக் கண்ணின் இமை தாழ்ந்து பாவை சிறுத்திருக்கும். அது கடுமையான காயத்தின் அடையாளம். உங்கள் குழந்தை விரலைப் பிடிக்கிறான் என்பது நல்ல செய்தி.

நரம்பு இழுபட்டு மட்டும் இருந்தால் சில வாரங்களில் மீளும். உள்ளிழைகள் அறுந்து உறை மட்டும் தங்கியிருந்தால் மெல்ல வளர்ந்து வரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் அதன் வேகம். முழுவதும் அறுந்திருந்தாலோ, தண்டுவடத்திலிருந்து வேரோடு பிய்ந்திருந்தாலோ தானாக வராது. பெரும்பாலான குழந்தைகள் முதல் இரண்டு வகைகளில்தான் இருப்பார்கள். எந்த வகை என்பதைக் காட்டித்தருவது முழங்கையை மடக்கும் தசை: குழந்தை மூன்று மாதத்துக்குள் தானாக முழங்கையை மடக்கத் தொடங்கினால் நன்றாகத் தேறும் என்று பொருள். மூன்று மாதம் ஆகியும் மடக்கவில்லையென்றால் நரம்பு அறுவைச் சிகிச்சை தேவையா என்று அதற்குரிய நிபுணர் முடிவு செய்ய வேண்டும்; செய்வதாக இருந்தால் அது பொதுவாக மூன்று மாதம் முதல் ஒன்பது மாதத்துக்குள் நடக்கும். நரம்பின் ஆணை நெடுநாள் வராத தசை சுருங்கி, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ளாது. 'ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தான். அங்கே கைக்கென்றே தனித்துறை இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கி வளர்த்த அந்தத் துறை, தொழிற்சாலையில் கை நசுங்கி வந்த வடசென்னைத் தொழிலாளர்களுக்காக எவ்வளவு செய்திருக்கிறது என்பது இப்பகுதிக்காரர்களுக்குத் தெரியும். பலர் அது பெரியவர்களின் கைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரமே குழந்தையைக் கொண்டுபோங்கள். காரை எலும்பும் மேற்கை எலும்பும் முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். எலும்பு முறிந்த குழந்தையும் வலியால் கையை அசைக்காமல் வைத்திருக்கும். மூச்சு வேகமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அதே கழுத்துப் பகுதியிலிருந்துதான் மூச்சை இயக்கும் தசையான உதரவிதானத்துக்கு நரம்பு போகிறது.

உரம் எடுக்கக் கொண்டுபோக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். உங்கள் தாயாரின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதும் கையைப் பிடித்துத் தொங்கவிடுவதும், பாதி அறுந்த நரம்பை முழுதாக அறுத்துவிடக்கூடும். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டும்போது கையை நீவி இழுக்கும் வழக்கத்தையும் அந்தக் கைக்கு நிறுத்துங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், தலைக்கும் முதுகுக்கும் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியாக எடுங்கள். தூளியில் போட்டால் அந்தக் கை முதுகுக்குப் பின்னால் மடங்கிச் சிக்கவில்லை என்று பாருங்கள். அந்தக் கையில் உணர்வு குறைவாக இருக்கலாம், எனவே குளிக்கும் நீரின் சூட்டை உங்கள் கையில் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

உடற்பயிற்சியை நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். முக்கியமாக, மேற்கையை உடம்போடு ஒட்டிவைத்து, முழங்கையை மடக்கி, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பும் பயிற்சியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இதை விட்டவர்களின் பிள்ளைகளுக்கு நரம்பு தேறிய பிறகும் தோள் உள்பக்கம் இறுகி, மூட்டுக் கிண்ணமே சரியாக வளராமல் போய்விடுகிறது. ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் சில தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.


வழக்கறிஞர், பாரிமுனை

நண்பருக்கு வணக்கம். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வருகிறேன்.

சட்டம் கேட்பது, அந்த நிலையில் ஒரு சராசரித் திறமையுள்ள மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதைத்தான். 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் சொல்லப்பட்ட இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதே தீர்ப்பில், மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடர வேண்டுமானால் அது சாதாரணக் கவனக்குறைவாக இல்லாமல் மிகக் கடுமையான கவனக்குறைவாக இருக்க வேண்டும் என்றும், வேறொரு சுதந்திரமான மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் கூறியது. ஆகவே கோபத்தில் முதலில் காவல் நிலையத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இழப்பீடு உங்கள் நோக்கமென்றால் நுகர்வோர் ஆணையம்தான் வழி.

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள், எனவே சிக்கல் இல்லை. 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், சிகிச்சை பெற்ற குழந்தையும் அழைத்துச் சென்ற பெற்றோரும் தனித்தனியே நுகர்வோர் என்று தீர்ப்பானது. அதனால் குழந்தைக்கான எதிர்காலச் செலவையும் உங்கள் மன உளைச்சலையும் சேர்த்தே கேட்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, மருத்துவமனைக்குச் செலுத்திய தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றாலும் தயங்க வேண்டாம்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது, உங்கள் மனைவியின் பெயரில் கேட்கலாம்.

கால வரம்பு இரண்டு ஆண்டுகள். குழந்தை மைனர்தானே, வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

உங்கள் வழக்கின் உயிர் அந்தக் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கேட்காமல், கர்ப்பகாலக் குறிப்புகள், பிரசவ வலியின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு, செவிலியர் குறிப்பு, ஒப்புதல் படிவம், பிறந்த குழந்தையைப் பரிசோதித்த மருத்துவரின் குறிப்பு ஆகிய அனைத்தின் நகலையும் உங்கள் மனைவியின் கையெழுத்துடன் எழுத்துமூலம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் இன்னொரு நகலில் மருத்துவமனையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடிதத்தை வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வாக்யூம் வைத்ததை மறைத்து 'சுகப்பிரசவம்' என்று எழுதிய சம்மரியே பின்னால் உங்களுக்குச் சான்றாகும். முன்னேற்பாடாக, பிறந்த நாளிலிருந்து கைப்பேசியில் எடுத்த காணொளிகளை அழிக்காமல் வையுங்கள். முதல் வாரத்துக் காணொளியில் கை துவண்டிருப்பது தெரிந்தால், வீட்டில் நீங்கள் இழுத்தீர்கள் என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

செவிலியர் அம்மா எழுப்பிய சர்க்கரைக் கேள்வி சட்டப்படியும் கனமானது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் மான்ட்கோமரி வழக்கில் தீர்மானித்தது ஏறக்குறைய இதைத்தான். சர்க்கரை நோயுள்ள அந்தத் தாய்க்குத் தோள் சிக்கல் வர 9 முதல் 10 சதவீத வாய்ப்பு இருந்தும், சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று மருத்துவர் சொல்லாமல் விட்டார். 1999இல் பிறந்த குழந்தைக்கு மூளையும் கை நரம்பும் பாதிக்கப்பட்டன. நோயாளிக்கு முக்கியமெனத் தோன்றக்கூடிய அபாயத்தைச் சொல்லாததே தவறு என்று தீர்ப்பளித்து 52.5 லட்சம் பவுண்டு இழப்பீடு தரச் செய்தார்கள். அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், மகாராஜா அக்ரசேன் மருத்துவமனை வழக்கில் 2019இல் நம் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துப் பேசியிருக்கிறது.


இளங்கோ, தண்டையார்பேட்டை

மூவருக்கும் நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. மாமியாரிடம் கேட்டேன். குழந்தையின் முகம் என் மனைவியின் வலது பக்கம் திரும்பியிருந்தது என்று உறுதியாகச் சொல்கிறார், ஏனென்றால் அவர் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார், முகம் கருநீலமாக இருந்ததைப் பார்த்தார். செவிலியரின் கை எங்கே இருந்தது என்று கேட்டபோது, தன் நெஞ்சுக்குக் கீழே கைவைத்துக் காட்டினார். தொடைகளை யாரும் மடக்கிப் பிடிக்கவில்லை என்கிறார். நான் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒரு தயக்கம் இருக்கிறது. வழக்குப் போட்டால் வேறு மருத்துவர்கள் என் குழந்தைக்குச் சிகிச்சை தரப் பின்வாங்குவார்களா? அந்த மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசி, பிஸியோதெரபி செலவை ஏற்கிறோம், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்.


எண்ணூரிலிருந்து ஒரு தாய்

அண்ணா, என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவளுக்கு இடது கை. நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் பழைய நோட்டுப் புத்தகத்தை யாரோ திறந்து வாசிப்பதுபோல் இருந்தது.

நானும் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் பெற்றேன். எனக்கும் சுளுக்கு என்றார்கள். அந்தக் கோபத்தில் என் கணவரும் நானும் முதல் எட்டு மாதத்தை வக்கீல் வீட்டுக்கும் மருத்துவமனை வாசலுக்கும் நடந்தே கழித்தோம். வழக்குத் தேதி தவறாமல் போனோம். பயிற்சி நாளைத் தவறவிட்டோம். ஆரம்பத்தில் பார்த்த மருத்துவர் ஒருவர் ஒரு வயது வரை பொறுங்கள் என்று சொன்னதும் எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. கைக்கான நிபுணரிடம் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது மாதம். அவர் எங்களைத் திட்டவில்லை. காலண்டரைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார். காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டவைத்தார்கள். நான்கு வயதில் தோளைத் திருப்ப இன்னோர் அறுவைச் சிகிச்சை. இன்று கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குகிறாள். பேனா மூடியைக் கழற்றுகிறாள். ஆனால் கை பின்தலைக்குப் போகாது. பள்ளிக்கு இரட்டைச் சடை போட வேண்டும், அதை இன்றும் நான்தான் பின்னிவிடுகிறேன். தோழிகள் தாங்களே பின்னிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வழக்கு ஐந்தாம் ஆண்டில் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பணம் இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்கு உதவியது, அதை நான் மறுக்கவில்லை. வழக்கறிஞர் ஐயா சொல்வதுபோல் கடிதம் கொடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஸ்டான்லி போய் வாருங்கள். வழக்கு இரண்டு ஆண்டு பொறுக்கும். உங்கள் மகனின் மூன்று மாதம் முடிய இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

வழக்குப் போட்டதற்காக என் மகளை எந்த மருத்துவரும் திருப்பி அனுப்பவில்லை. கையைப் பார்த்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், குழந்தையை மல்லாத்திச் சட்டையில்லாமல் இரண்டு நிமிடம் காணொளி எடுங்கள். மருத்துவருக்கும் அதுதான் வேண்டும், வக்கீலுக்கும் அதுதான் வேண்டும். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் சொன்னால் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள், அங்கே பயிற்சிக்குக் காசில்லை. கை முழுதாகத் தேறாமல் நின்றுவிட்டால் பின்னால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். அந்தச் சான்றுக்காக மகள் கையைக் கோணமானியால் அளந்தபோது எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.


வழக்கறிஞர், பாரிமுனை

சகோதரி சொன்ன வரிசையை ஏற்கிறேன். என் பதிவில் அதை முதல் வரியாகவே எழுதியிருக்க வேண்டும். மருத்துவமனை தரும் காகிதத்தில் இப்போது எந்தக் கையெழுத்தும் வேண்டாம். செலவை ஏற்பது அவர்கள் விருப்பம். ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற ஒரு வரி அதில் இருந்தால், கை தேறுமா தேறாதா என்று தெரியும் முன்பே உங்கள் மகனின் உரிமையை எழுதிக் கொடுத்ததாகிவிடும். பேச விரும்பினால் எழுத்தில் பேசச் சொல்லுங்கள். சமரசமே வேண்டுமென்றாலும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆணையத்தின் வழியாகவே அதற்கு இடம் இருக்கிறது.

அரசு மருத்துவமனைகளில் பிரசவம் பார்த்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அவர்களுக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவணம் கேட்கலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லாததால் பார்வை போன வழக்கில், வி. கிருஷ்ணகுமார் என்ற அந்தத் தந்தைக்கு உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. தீர்ப்பு வந்தது 2015இல். அப்போது அந்தப் பிள்ளைக்கு வயது பதினெட்டு.


இளங்கோ, தண்டையார்பேட்டை

இன்று ஸ்டான்லிக்குப் போய் வந்தோம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மேல் வேர்களில் காயம் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதம் முடியும் நாளைச் சீட்டில் குறித்து, அன்று கட்டாயம் வரச் சொன்னார்கள். பயிற்சியை என் மனைவிக்கும் என் தாயாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு முறை திரும்பக் கேட்டு, எங்கள் எல்லோரையும்விடச் சரியாகச் செய்தது என் தாயார்தான். உரம் எடுக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஆவணம் கேட்கும் கடிதத்தை மாலையில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன்.

என் மனைவி கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று, செவிலியர் அம்மாவுக்கு. இனி ஒரு குழந்தை என்றால் மறுபடியும் இப்படி ஆகுமா?


ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்

ஒரு முறை தோள் மாட்டியவர்களுக்கு அடுத்த முறையும் மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், தம்பி. கட்டாயம் ஆகும் என்பதில்லை. அடுத்த முறை முதல் பரிசோதனை நாளிலேயே, 'முன் பிரசவத்தில் தோள் மாட்டியது, வாக்யூம் வைத்தார்கள், குழந்தை 4.2 கிலோ, கை நரம்புக் காயம்' என்று சொல்லி, அட்டையில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். சிசேரியன் வேண்டுமா என்பதை வலி வந்த இரவில் பேசாமல், எட்டாம் மாதமே மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்துப் பார்க்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனை உங்கள் மனைவிக்கு இப்போதே வந்துவிட்டது; குழந்தையின் ஓட்டத்தில் அதை எல்லோரும் மறந்திருப்பீர்கள். இந்த வாரம் சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுங்கள். அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா என்றும் எழுதுங்கள்.